வாசகர் கேள்வி பதில்: முதலமைச்சர் சொன்னால் போலீஸ் கேட்குமா?

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மோட்டார் சைக்கிள் திருட்டு தாங்க முடியவில்லை. முதலமைச்சரிடம் மனு கொடுத்தால் அவர் மாநில போலீஸ் தலைவருக்கு உத்தரவு போட மாட்டாரா? தமிழ்நாட்டில் அப்படித்தானே நடக்கிறது?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தமிழ்நாட்டில் நடக்கும், ஏனென்றால் அங்கே காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. இங்கே மலேசியாவில் போலீஸ் முழுக்க முழுக்க கூட்டரசின் (மத்திய அரசின்) பொறுப்பு. பினாங்கு முதலமைச்சர் நாளைக்கே கோபப்பட்டாலும் பேசிப் பார்க்கலாம், வேண்டுகோள் வைக்கலாம், அவ்வளவுதான். உங்கள் ஸ்டேஷன் தலைவருக்கு மேலே மாவட்ட போலீஸ் தலைவர் (பினாங்கில் தீவில் இரண்டு, பெருநிலத்தில் மூன்று என ஐந்து மாவட்டங்கள்), அவருக்கு மேலே பினாங்கு ரோட்டில் உட்கார்ந்திருக்கும் மாநில போலீஸ் தலைவர், அவருக்கு மேலே கோலாலம்பூர் புக்கிட் அமானில் இருக்கும் தேசிய போலீஸ் தலைமையகம். அதனால் மனுவை முதலில் மாவட்டத் தலைவருக்கு எழுதுங்கள். தாமான்காரர்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டு, எந்தத் தேதியில் எந்த வண்டி போனது, ரிப்போர்ட் நம்பர் என்ன என்று வரிசையாகக் குறித்துக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

தேசிய போலீஸ் படைத் தலைவரை நியமிப்பது மாமன்னர். போலீஸ் படை ஆணையம் பரிந்துரைக்கும், பிரதமரின் ஆலோசனையும் கேட்கப்படும். அந்த ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சரேதான். அரசியல்சாசனம் 140-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. படையின் பதவி உயர்வையும் ஒழுங்கு நடவடிக்கையையும் பார்க்கும் இடத்தில் அரசியல்வாதி உட்காரக் கூடாது.

கேள்வி: என் தாத்தா காலத்தில் 'மாத்தா மாத்தா' (போலீஸுக்கு அந்தக் கால மலாய்ப் பெயர்) வந்தால் தெருவே எழுந்து நிற்குமாம். என் மகன் போலீஸ் என்றாலே முகம் சுளிக்கிறான். இந்தத் தலைமுறைக்கு ஏன் மரியாதை இல்லை?
(வாசகி, ஜெலுத்தோங்)

பதில்: தாத்தா எழுந்து நின்றது மரியாதையா பயமா என்று முதலில் கேட்க வேண்டும் அம்மா. உங்கள் மகனை நான் குறை சொல்ல மாட்டேன். 2009-இல் குகன், 2013-இல் தர்மேந்திரன், 2021-இல் கணபதி என்று தடுப்புக்காவல் மரணங்களில் நம் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டே வளர்ந்தவன் அவன். குகன் வழக்கில் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2013-இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதை மறந்துவிட்டு மரியாதை கொடு என்றால் எப்படிக் கொடுப்பான்?

ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சென்ற ஆண்டு என் அம்மாவின் கைப்பையை ஒருவன் மோட்டாரில் வந்து பறித்துக்கொண்டு போனான். ஸ்டேஷன் கவுண்டரில் இருந்த இளைஞர் தலையைத் தூக்காமலே "ஐசி" (அடையாள அட்டை) என்று கையை நீட்டினார். ஐசி அந்தப் பைக்குள்தான் இருந்தது என்று அம்மா மூன்று முறை சொன்னார், முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அப்புறம் உள்ளேயிருந்து வந்த ஒரு வயதான சார்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க மக்சிக் (அம்மா)" என்று மலாயில் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அம்மா அரைகுறை மலாயில் சொன்னதையெல்லாம் பொறுமையாகத் தட்டச்சு செய்தார். பை கிடைக்கவில்லை. இன்றும் அந்தப் பக்கம் போனால் அம்மா அந்த சார்ஜனைப் பற்றித்தான் பேசுகிறார். அந்த இளைஞருக்கு அதை யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அது அவருக்கு மேலே இருப்பவர்களின் வேலை. 2005-இல் போலீஸ் படையைப் பற்றி ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் கொடுத்தது. முக்கியமான ஒன்று, புகார்களைச் சுயேச்சையாக விசாரித்து தண்டிக்கவும் அதிகாரம் உள்ள ஆணையம். கடைசியில் 2023 ஜூலையில் செயலுக்கு வந்த போலீஸ் நடத்தை ஆணையத்துக்கு தண்டிக்கும் அதிகாரம் இல்லை, பரிந்துரைக்கத்தான் முடியும். மகனிடம் தாத்தா கதையைச் சொல்லுங்கள், இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட் செய்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, மூச்சே இல்லை. கேட்டால் கோபப்படுவார்களோ?
(வாசகர், செந்தூல்)

பதில்: பயப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் தாண்டியிருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். விசாரணையைக் கெடுக்காத அளவில் இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதலாம். ரிப்போர்ட் காப்பியைத் தொலைத்துவிடாதீர்கள், விசாரணை அதிகாரியின் பெயரை அதன் பின்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.