டீச்சரிடம் கேளுங்கள்: ரோஜாவை விட்டுவிட்டுச் செம்பருத்தியைப் பிடியுங்கள்

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் சேர்ந்து புற்றுநோய் நிதிக்காக ஒரு சனிக்கிழமை பூ ஓவிய வகுப்பு நடத்துகிறோம். இருபது பேர், ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்). பள்ளிக்கூடத்தோடு தூரிகையை விட்டவர்கள்தான் எல்லோரும். ரோஜா வரையலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சரியா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முடிவை மாற்றிக்கொள்ளுங்கள் அம்மா. ரோஜா பார்க்க அழகு, வரைய வம்பு. இதழுக்குள் இதழாகப் போய்க்கொண்டே இருக்கும். புதிதாக வரைகிறவர் கையில் கடைசியில் அது முட்டைக்கோஸ் ஆகிவிடும்.

செம்பருத்தியை எடுங்கள். ஐந்து இதழ்தான். ஒவ்வொன்றின் ஓரமும் அடுத்ததன் மேல் சாய்ந்திருக்கும். நடுவில் ஒரு நீளத் தண்டு, அதன் நுனியில் ஐந்து சின்னக் குமிழ், அதற்குக் கீழே மஞ்சள் மகரந்தம். 1960 முதல் நம் மலேசியாவின் தேசிய மலர். வேலியோரம் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் அதன் ஆயுள் ஒரே நாள். முதல் நாளே பறித்து வைத்துவிட்டு, வகுப்புக்கு வாடிப்போன பூவை நீட்டாதீர்கள். அன்று காலையில் பறியுங்கள்.

அடுத்து தாள். பிள்ளைகளின் வரைதாள் தண்ணீர் பட்டதும் சுருண்டு மேலே கிளம்பும். அப்புறம் சாயம் பள்ளத்தில் போய்த் தேங்கும். சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 gsm) கனமுள்ள நீர்வண்ணத் தாளாகப் பார்த்து வாங்குங்கள். விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளை எட்டாக வெட்டினால், ஒரு பூவுக்குத் தாராளமாகப் போதும். இருபது பேருக்கு மூன்றே தாள். கெடுத்துக்கொள்கிறவர்களுக்கு நான்கு துண்டு மிச்சம்.

வண்ணம் மூன்று போதும்: ஒரு ரோஸ், ஒரு மஞ்சள், ஒரு நீலம். ரோஸில் கொஞ்சம் மஞ்சள் கலந்தால் செம்பருத்திச் சிவப்பு. மஞ்சளும் நீலமும் இலைக்கு. நிழல் வேண்டும் என்றால் அந்தச் சிவப்பில் ஒரு துளி பச்சையை விடுங்கள். கறுப்பை மேசைக்கே கொண்டுவராதீர்கள். ஒருவர் தொட்டால் இருபது பேரும் தொடுவார்கள், பூவெல்லாம் அழுக்காகும்.

நம் ஊர் ஈரத்தில் தாள் லேசில் காயாது. குளிர்சாதனம் இல்லாத மண்டபம் என்றால் கேட்கவே வேண்டாம். பக்கத்து இதழ் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைத் தொட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும். அதனால் ஒன்று விட்டு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். முதலில் சுத்தத் தண்ணீரால் இதழை நனைத்துவிட்டு, நடுப்பக்கம் வண்ணத்தை விட்டால் அது தானே வெளியே பரவும். பார்த்துக்கொண்டிருப்பதே தனிச் சுகம். அது காயும் நேரத்தில் தே தாரிக் குடித்துவிடலாம். முடி உலர்த்தும் கருவி இரண்டு கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 50 வெள்ளியில் பொருளுக்கு எவ்வளவு, நன்கொடைக்கு எவ்வளவு என்று அறிவிப்பிலேயே பிரித்துப் போடுங்கள். ‘வருமானம் அனைத்தும்’ என்று எழுதிவிட்டு, பிறகு தாள் செலவைக் கழித்தால் பேச்சு வரும். பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 1966-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் இருக்கிறது, பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் லாப நோக்கமில்லாத மவுண்ட் மிரியம் மருத்துவமனை இருக்கிறது. அவர்களிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்குங்கள். வருமான வரிக் கழிவு வேண்டும் என்கிறவர்களுக்கு, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு தரும் ரசீதுதான் செல்லும். உங்கள் குழு எழுதித் தரும் சீட்டு செல்லாது. உண்டியலைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கும் யோசனை யாருக்காவது இருந்தால், அதற்குப் போலீஸ் உரிமம் வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

கேள்வி: வகுப்பில் வரைந்த படங்களை ஏலம் விட்டால் இன்னும் கொஞ்சம் பணம் சேருமே? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சேரும். ஒருவர் படத்தை யாருமே கேட்காமல் விட்டால் அவர் முகத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? மடித்து வாழ்த்து அட்டையாக்கி நோயாளிகளுக்குக் கொடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் படுத்திருக்கும் வார்டுகள் பலவற்றில் கிருமி, பூஞ்சைப் பயத்தால் உண்மைப் பூவை உள்ளே விடுவதில்லை. வரைந்த பூவுக்கு அந்தச் சிக்கல் இருக்காது. இருந்தாலும் மருத்துவமனையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்துவிட்டன. இப்படி ஒரு வகுப்புக்குப் போக ஆசைப்படுகிறார். கூட்டிப் போகலாமா? – வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: மருத்துவர் சரி என்றால் தயங்காமல் போங்கள். சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போவது உண்டு. மெல்லிய தூரிகை பிடியிலிருந்து நழுவும். பிடியில் துணியைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுக் கொடுங்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு வரையாமல், முழங்கை மேசையில் பதியும்படி தலையணை வையுங்கள். இடையிடையே கையை இளைப்பாற விடட்டும்.

வாசனையையும் கவனியுங்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் சிலருக்கு மல்லிகை வாசம்கூடக் குமட்டும். முடிந்த பிறகும் அந்த வெறுப்பு கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். செம்பருத்தியில் வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, நல்லதாகப் போயிற்று. நடத்துகிறவர்களிடம் சொல்லி ஊதுவத்தி, அறை வாசனைத் தெளிப்பான் இரண்டையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இருக்கையைக் கதவோரம் கேட்டு வாங்குங்கள். களைத்துவிட்டால் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் எழுந்து வரலாம். மைக்கில் ‘நம்முடன் ஒரு போராளி இருக்கிறார்’ என்று ஆரம்பிக்கிற ஆள் எல்லா நிகழ்ச்சியிலும் ஒருவர் இருப்பார். அவரை முன்கூட்டியே பிடித்துச் சொல்லிவையுங்கள். கட்டணத்தையும் அம்மாவே கட்டட்டும். இனாமாக உட்காரவைத்தால் உங்களுக்கு நிம்மதி, அவருக்கு இருக்காது.