கோல் லைன் பக்கத்தில் ரிசீவரின் உயரம்: கேள்வி பதில்

அமெரிக்க ஃபுட்பாலில் கோல் லைனுக்கு முந்தைய கடைசி சில யார்டுகளில் உயரமான ரிசீவருக்கு, அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவருக்கு, எவ்வளவு மதிப்பு என்பதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

டெட்ராய்ட் நண்பர்: எங்கள் ரிசீவராக இருந்த கால்வின் ஜான்சன் 6 அடி 5 அங்குலம். அவரைப் போல ஒருவர் இருந்தால் கோல் லைன் பக்கத்தில் டச்டவுன் (பந்தைக் கோல் லைனைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) உறுதிதானே?

ஜான்சனையே எடுத்துக்கொள்வோம். 2011-இல் 16 டச்டவுன். 2012-இல் 1,964 யார்டு ஓடிப் பிடித்து லீக் சாதனையே படைத்தார், ஆனால் டச்டவுன் 5 மட்டும். பந்தை எறியும் குவாட்டர்பேக்கும் அதே ஸ்டாஃபோர்டுதான். உயரம் ஒரே வருடத்தில் குறையவில்லை.

கோல் லைனை நெருங்க நெருங்க என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்து 5 யார்டு கோட்டில், அதாவது கோல் லைனுக்கு 5 யார்டு முன்னால் இருந்தால், கோல் லைனுக்கு அப்பால் உள்ள எண்ட் ஜோனின் 10 யார்டையும் சேர்த்து ரிசீவர் ஓட மொத்தம் 15 யார்டுதான் இருக்கிறது. தங்களைத் தாண்டி நீளமாக ஓடிவிடுவாரோ என்ற பயம் டிஃபென்ஸுக்கு, அதாவது தடுக்கும் அணிக்கு, இல்லை. எண்ட் ஜோனின் பின்கோடே அவர்களுக்குக் கூடுதலாக ஒரு ஆள் மாதிரி. இந்த நெருக்கடியில் இரண்டு வழிதான். ஒன்று, ஆள் தலைக்கு மேலே பிடிப்பது. மற்றொன்று, முதல் இரண்டு எட்டில் ஆளை விட்டு விலகிவிடுவது.

உயரம் முதல் வழிக்கு உதவும், மறுக்கவே மாட்டேன். மூலையை நோக்கி வளைத்துப் போடும் ஃபேட் பாஸ் அதற்காகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பந்து காவல்காரரின் கைக்கு எட்டாமல், பக்கக் கோட்டைத் தாண்டாமல், ஒரு சின்ன இடத்தில் விழ வேண்டும். பிடித்தவரின் இரண்டு காலும் உள்ளே பட வேண்டும். இவ்வளவும் கூடி வந்தால்தான் டச்டவுன். விலகி நிற்பவருக்கு நெஞ்சுக்கு நேராக எறிந்தாலே போதும்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்னும் பல முறை சொல்வேன்: ஒரு வருட டச்டவுன் கணக்கை வைத்து ஆளை எடை போடாதீர்கள். அது மிகச் சின்ன எண். நான்கு பந்து இப்படி அப்படிப் போனாலே தலைகீழாகிவிடும்.

அட்லாண்டா வாசகி: ஜூலியோ ஜோன்ஸ் 6 அடி 3. 2017-இல் 1,444 யார்டு, டச்டவுன் 3. அவருக்கு எண்ட் ஜோனில் பிடிக்கத் தெரியாதா?

தெரியும். அடுத்த வருடம் 8. முந்தைய பதிலின் எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

பிட்ஸ்பர்க் நண்பர்: உயரம் குறைந்தவர்கள் பற்றிச் சொல்லுங்கள்.

இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2018-இல் டச்டவுன் பிடித்ததில் லீக்கிலேயே முதலிடம் ஆண்டோனியோ பிரௌன், 15. அவர் 5 அடி 10.

அப்புறம் இரண்டு பிடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1982 ஜனவரியில் டல்லாஸுக்கு எதிராக சான் பிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் மொண்டானா எறிந்ததை அதே அணியின் டுவைட் கிளார்க் எகிறிப் பிடித்தார். அவர் 6 அடி 4, தூரம் 6 யார்டு. 2009 பிப்ரவரி சூப்பர் பவுலில் (லீக்கின் இறுதி ஆட்டம்) உங்கள் சான்டோனியோ ஹோம்ஸ், ஆட்டம் முடிய அரை நிமிடம் போல இருக்கும்போது, மூன்று பேருக்கு மேலாக வந்த பந்தை மூலையில் பிடித்தார். தூரம் அதே 6 யார்டு. அவர் 6 அடிகூட இல்லை. கிளார்க்குக்கு விரல் நுனி கைகொடுத்தது, ஹோம்ஸுக்குக் கால் நுனி. இரண்டு பேருக்கும் பந்து சரியான இடத்துக்கு வந்தது. அதை எறிந்தவரை ஏன் மறக்கிறோம்?

ஹூஸ்டன் நண்பர்: கூடைப்பந்து ஆடிவிட்டு வந்த டைட் எண்டுகள் (ஆளை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) எண்ட் ஜோனில் ஜெயிப்பது உயரத்தால்தானே?

கொஞ்சம் உயரம், நிறைய உடம்பு. ஆண்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 6 அடி 4 அந்த ஆட்டத்தில் பெரிய உயரமே இல்லை. அங்கே ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு, ஆளை முதுகால் தள்ளி இடம் பிடிக்கப் பழகினார். அதே வித்தையை எண்ட் ஜோனுக்குக் கொண்டுவந்தார். 116 டச்டவுன், டைட் எண்டுகளில் அதுதான் உச்சம். காவல்காரருக்கும் பந்துக்கும் நடுவில் தன் முதுகை வைப்பவருக்குத் தலைக்கு மேலே எகிற வேண்டிய தேவையே பல நேரம் வராது.

டல்லாஸ் நண்பர்: நிஜ ஆட்டக்காரர்களின் கணக்கை வைத்து ஆடும் ஃபேன்டசி அணிக்கு உயரமானவரை எடுக்கலாமா?

உயரத்துக்காக மட்டும் வேண்டாம். கோல் லைன் பக்கத்தில் யாருக்கு அதிகம் எறிகிறார்கள் என்று பாருங்கள்.

நியூஜெர்சி நண்பர்: ஃபேன்டசியில் 6 அடி 4-க்கு மேல்...

டல்லாஸுக்குச் சொன்னதுதான்.

லண்டன் வாசகர்: கார்னர் கிக்கில் தலையால் முட்டுவதற்கும் இது பொருந்துமா?

அது சாக்கர். அதை ஆழமாகப் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

சியாட்டில் வாசகி: 2015 பிப்ரவரி சூப்பர் பவுல். 1 யார்டு கோட்டில் எங்கள் பந்து நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லரிடம் பறிபோனது. எறிந்தது எங்கள் 6 அடி 2 லாக்கெட்டுக்கு, பட்லர் 5 அடி 11. உயரம் தோற்றது என்பீர்கள். ஆனால் எங்களிடம் 6 அடி 5 கிறிஸ் மேத்யூஸ் இருந்தார். அவருக்கு ஒரு ஃபேட் போட்டிருந்தால்?

நல்ல கேள்வி. இடைவேளைக்கு 2 விநாடி இருக்கும்போது மேத்யூஸ் 11 யார்டில் ஒன்று பிடித்தார். எதிரே நின்ற லோகன் ரையன் 5 அடி 11. அங்கே உயரம் ஜெயித்தது, சந்தேகமே இல்லை. அதன் பிறகு நியூ இங்கிலாந்து அவர் எதிரே 6 அடி 4 பிரௌனரை நிறுத்தியது. மேத்யூஸின் ஆட்டம் அடங்கிவிட்டது.

சியாட்டில் வாசகி: அப்படியானால் உயரத்துக்கு மதிப்பு உண்டு என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

உண்டு. எதிரே நிற்பவரைவிட எவ்வளவு உயரம் என்பதற்கு மதிப்பு உண்டு. பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு இல்லை.

பாஸ்டன் நண்பர்: அந்த 1 யார்டு கோட்டில் சியாட்டில் எறியாமல், பந்தோடு ஓடும் லின்ச்சிடம் கொடுத்து ஓடவிட்டிருக்க வேண்டும். உயரம் எதற்கு?

அது வேறு வழக்கு. கையில் கடிகாரத்தை நிறுத்தும் டைம் அவுட் ஒன்றே இருந்தது, பாஸ் தவறினால் கடிகாரம் நிற்கும் என்பதற்காகவாவது அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பந்தில் நான் பார்ப்பது பிரௌனரை. கோட்டிலேயே சியாட்டிலின் இன்னொரு ரிசீவர் கர்ஸை மறித்து நிறுத்திவிட்டார். கர்ஸ் பட்லரின் வழியை அடைத்திருக்க வேண்டியவர். அவர் நகரவில்லை, பட்லருக்குப் பாதை திறந்தது. லாக்கெட்டின் மூன்று அங்குலம் அதிகம் என்பது அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை, ஏனென்றால் பந்தை நோக்கி முதலில் கிளம்பியவர் பட்லர். பயிற்சியில் இதே பந்தில் ஒருமுறை ஏமாந்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

சியாட்டில் வாசகி: சுற்றி வளைக்காதீர்கள். நீங்களாக இருந்தால் மேத்யூஸுக்கு எறிவீர்களா?

எதிரே ரையன் நின்றால் எறிவேன். பிரௌனர் நின்றால் மாட்டேன்.