பேதிக் கிருமி குடலில் எப்படி ஒட்டுகிறது? கேள்வி பதில்

மழை தொடங்கிவிட்டது, கேள்விகளும் வந்துவிட்டன. நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், மருத்துவர் அல்ல. மருந்து, அளவு எல்லாம் உங்கள் டாக்டரிடம். கிருமி என்ன செய்கிறது என்பதை என்னிடம் கேளுங்கள்.

வேளச்சேரி, இல்லத்தரசி: மேடம், எங்கள் சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது. நாலு பேரும் அதே தண்ணீரைத்தான் குடித்தோம். பையனுக்கு மட்டும் பேதி. ஏன்?

கிருமி உள்ளே போவது வேறு, உள்ளே தங்குவது வேறு. முதலில் இரைப்பை அமிலத்தில் சாகாமல் தப்ப வேண்டும். அடுத்து சிறுகுடல். அங்கே உள்ளிருப்பது நகர்ந்துகொண்டே இருக்கும்; பிடித்துக்கொள்ள முடியாத கிருமி அதோடு போய்விடும். பிடிப்பதற்கு, குடல் செல்லின் மேல் அதற்கேற்ற ஏற்பி, அதாவது கிருமி பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, இருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு சர்க்கரைத் தொடர்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது.

இது நன்றாகத் தெரிந்தது பன்றிக்குட்டிகளிடம். கே88 என்ற ஒட்டும் இழைகள் கொண்ட ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா அவற்றைப் பேதியில் கொன்றுவிடும். ஆனால் சில பன்றிகளுக்கு அந்த இழை பிடிக்கும் ஏற்பி பிறவியிலேயே கிடையாது. அவற்றை அந்தக் கிருமி ஒன்றும் செய்வதில்லை. மனிதரிலும் ஓ ரத்த வகைக்காரர்களுக்குக் காலரா வந்தால் கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பையன் விஷயத்தில் குடித்த அளவு, வயது, பழைய எதிர்ப்புச் சக்தி எல்லாமே சேர்ந்திருக்கலாம். ரத்தம் கலந்து போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காதீர்கள்.

பெரம்பூர், ஆட்டோ ஓட்டுநர்: கிருமிக்கு கையா காலா? எதை வைத்துப் பிடிக்கிறது?

உடம்பைச் சுற்றி மெல்லிய புரத இழைகள் இருக்கின்றன, அண்ணா. ஃபிம்ப்ரியே, பிலை என்பார்கள். அசுத்தமான தண்ணீரால் வரும் சாதாரணப் பேதியில் ஈடெக் என்ற ஈ.கோலை வகைக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் ஒரு வகை இழை திருகிய சுருள். குடலின் ஓட்டம் இழுத்தால் அவிழ்ந்து நீளும், இழுவை குறைந்தால் மறுபடி சுருளும். விறைப்பாக நின்றிருந்தால் பிய்ந்து போயிருக்கும். பிடித்த பிறகுதான் நச்சைச் சுரக்கும். இந்த வகை செல்லுக்குள் நுழைவதே இல்லை, வெளியே இருந்தபடியே எல்லா வேலையும்.

கிண்டி, எம்.எஸ்சி. மாணவி: மேடம், பேதி தரும் இன்னொரு ஈ.கோலை வகையான ஈபெக் பாடத்தில் டிர், இன்டிமின் என்ற இரண்டு புரதங்களும் குழப்புகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. மற்ற கிருமிகள் செல்லின் மேல் ஏற்கெனவே இருக்கும் ஏற்பியைத் தேடுகின்றன. ஈபெக் அதற்காகக் காத்திருப்பதில்லை. சட்டை மாட்ட வந்தவன் சுவரில் தானே ஆணி அடித்துக்கொள்வது மாதிரி, ஏற்பியையும் கூடவே கொண்டுவருகிறது.

வரிசையை இப்படிப் பிடித்துக்கொள். முதலில் கற்றையாகும் பிலை இழைகளால் தளர்வாக ஒரு பிடி. அடுத்து மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு, அதாவது ஓர் ஊசி. அதன் வழியாக டிர் என்ற புரதத்தை குடல் செல்லுக்குள் செலுத்துகிறது. டிர் போய் செல்லின் சவ்வில் பதிந்து, ஒரு பகுதியை வெளியே நீட்டி நிற்கும். கிருமியின் மேற்பரப்பில் இருக்கும் இன்டிமின் அதைக் கவ்விக்கொள்ளும். ஆக, கவ்வுவதும் கிருமியுடையது, கவ்வப்படுவதும் கிருமியுடையதே. 1997இல் இது வெளியானபோதுதான், செல்லின் சொந்த ஏற்பி என்று அதுவரை நினைத்திருந்தது கிருமி அனுப்பியது என்று தெரிந்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை ஒருமுறை நன்றாகப் பார். கிருமி உட்கார்ந்த இடத்தில் குடல் செல்லின் நுண்விரல்கள் காணாமல் போயிருக்கும். அதற்கு அடியில் ஆக்டின் என்ற, செல்லுக்கு வடிவம் தரும் புரதம் திரண்டு, கிருமியைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு மேடை. உறிஞ்சும் பரப்பு அழிகிறது, பேதிக்கு அது ஒரு காரணம்.

ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: காலராவும் இப்படித்தானா?

இல்லை ஐயா. அங்கே இரண்டு பிடிகள். கிருமி தன் பிலை இழைகளால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கூட்டமாகக் குடியேறும். அது விடும் நச்சு தனியாக இன்னொரு பிடி போடும்: அதன் ஐந்து பி துண்டுகள் செல்லின் மேலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்புச் சர்க்கரையைப் பற்ற, ஏ துண்டு உள்ளே போகிறது. செல் குளோரைடைக் கொட்டும். தண்ணீர் அதன் பின்னால் ஓடும். நச்சு இருப்பதை 1959இல் கல்கத்தாவில் முயல் குடலை வைத்துக் காட்டியவர் சம்புநாத் தே. நம் ஊருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. ஓ139 என்ற புதிய காலரா வகை 1992இல் முதலில் தலைகாட்டியது மதராஸில்தான்.

குரோம்பேட்டை, தந்தை: குடற்சுவரில் கிருமி ஒட்டியிருக்கும்போது ஓ.ஆர்.எஸ். எப்படி உள்ளே போகும்?

நல்ல கேள்வி. காலரா போன்ற நச்சு, செல் நீரை வெளியே சுரக்கும் பக்கத்தைத்தான் திறந்துவிடுகிறது. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து இழுக்கும் வாசலை மூடுவதில்லை. அவை உள்ளே போனால் தண்ணீரும் போகும். அதனால்தான் உப்பும் சர்க்கரையும் குறிப்பிட்ட விகிதத்தில். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரிலேயே முழுசாகக் கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து டம்ளரில் போடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, உப்பு ஏறிவிடும். குழந்தைக்கு ஜிங்க்கும் உண்டு. அதை டாக்டர் சொல்வார்.

அண்ணா நகர், ஐ.டி. ஊழியர்: ஒட்டியதைப் பிய்க்க ஆன்டிபயாடிக் போடலாமா?

ஆன்டிபயாடிக் பிய்ப்பதில்லை, கொல்லும், அதுவும் அந்தக் கிருமிக்கு அது கேட்டால். குடற்சுவரின் மேல் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக வருபவை. ஒட்டியிருப்பதும் சேர்ந்தே வெளியேறும். பெரும்பாலான நீர்ப்பேதிக்கு அதுவே போதும். ஓ157 போன்ற ஈ.கோலை வகைகளில் ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஷிகா நச்சு கூடி, சிறுநீரகம் பாதிக்கும் ஆபத்தும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வாங்காதீர்கள்.

அதே நபர்: அசிடிட்டி மாத்திரை தினமும் போடுகிறேன்...

அமிலம் குறைந்தால் முதல் தடை குறைகிறது. நிறுத்தச் சொல்லவில்லை, வெளியே பானி பூரி சாப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

மடிப்பாக்கம், புதிய தாய்: தாய்ப்பால் தடுக்குமா?

ஆமாம் கண்ணு. அதிலுள்ள சிறு சர்க்கரைத் தொடர்கள் ஏற்பியைப் போலவே இருப்பதால், கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் அவற்றையே பிடித்துக்கொண்டு போய்விடும். எதிர்ப்புப் பொருள்களும் சேர்ந்து வருகின்றன. பேதி வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாதே.

போரூர், கடைக்காரர்: கேன் தண்ணீர் வாங்குகிறோம், கவலை இல்லைதானே?

கேனைக் கவிழ்க்கும் டிஸ்பென்சரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அது கிருமிகள் ஒட்டிக்கட்டிய படலம். அதில் பெரும்பாலானவை தீங்கில்லாதவைதான். ஆனால் வெறும் தண்ணீர் ஊற்றி அலசினால் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். குழாயையும் கழற்றித் தேயுங்கள்.