ஊர்ப்புற வண்டிப்பாதையில் நடக்கும்போது என்னென்ன செடிகளைக் கவனிக்கலாம்?

மழைக்காலம் முடிந்த கையோடு, அதாவது மார்கழி, தை மாதங்களில் போனால் நிறையப் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சமவெளியை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் வேலியைப் பாருங்கள். முடக்கத்தான் கொடி ஏறியிருக்கும். ஆமாம், தோசைக்கு அரைக்கிறோமே, அதேதான். காய் காற்றடைத்த பச்சைப் பை மாதிரி மூன்று அறைகளோடு இருக்கும். நெற்றியில் அடித்து 'டப்' என்று உடைப்பது சிறுபிள்ளை விளையாட்டு. பழுத்துக் காய்ந்த ஒன்றைப் பிரித்தால் மிளகு போன்ற கருப்பு விதைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஒரு இதய வடிவம், யாரோ வரைந்து வைத்ததுபோல.

அடுத்து எருக்கு. இலையைத் திருப்பிப் பார்த்தால் கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு இருக்கலாம். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் பெரும்பாலும் சீண்டுவதில்லை. நீங்கள் மட்டும் இலையைக் கிள்ளாதீர்கள், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

தரையோரம் தும்பை, குப்பைமேனி, மஞ்சள் பூவோடு நெருஞ்சி. நெருஞ்சி முள் ரப்பர் செருப்பையும் துளைக்கும். நாயுருவியை நீங்கள் தேட வேண்டாம். வீட்டுக்கு வந்து வேட்டி ஓரத்தைப் பார்த்தால் அதன் விதைகள் ஒட்டியிருக்கும்.

அப்புறம், ஆவாரம்பூவும் சிறுபூளையும் கண்ணில் பட்டால் இடத்தை நினைவில் வையுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட உதவும்.