சாப்பரோன் புரதங்களைக் கூட்டிவிட்டால் பார்க்கின்சன் குணமாகிவிடுமா?

புரதம் தப்பாக மடிவதால்தான் பார்க்கின்சன், அல்சைமர் எல்லாம் வருகிறது என்றால், மடித்துக் கொடுக்கும் சாப்பரோன்களைக் கூட்டினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலைப் படிப்பில் ஆறு மாதம் பழ ஈக்களோடு குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: அவ்வளவு சுலபமில்லை.

முதலில், சாப்பரோன் மடித்துக் கொடுப்பதில்லை. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அது எப்படிச் சுருண்டு மடிந்து வடிவம் பெற வேண்டும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, ஏன்? உள்ளே மறைந்திருந்த, தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் வெளியே வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. எச்எஸ்பி70 போன்ற சாப்பரோன், அந்தப் பகுதியைச் சற்று நேரம் பொத்திவைத்து, பிறகு விடுகிறது. கண்ட கண்டதோடு சேர விடாத காவல். 'தோழி' என்று மொழிபெயர்க்கிறார்கள். சங்கப் பாட்டுத் தோழி சேர்த்துவைப்பவள் ஆயிற்றே! செவிலித்தாய் என்றால்தான் பொருந்தும்.

இது மூளையை ஏன் பாதிக்கிறது? நரம்பணுக்கள் பிரிந்து பெருகுவதில்லை, அதனால் தப்பாக மடிந்து சேர்ந்த புரதக் கசடு பங்கு பிரிந்து குறையவும் வழியில்லை. வயது ஏற ஏறக் காவலும் தளர்கிறது.

1999இல் அமெரிக்க ஆய்வாளர் நான்சி போனினியின் குழு, மனிதர்களின் ஒரு மூளை நோய்க்குக் காரணமான புரதத்துண்டை ஈயின் கண்ணில் உருவாகச் செய்தது. அந்த வகை ஈக்களை நானும் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். நல்ல கண் செங்கல் நிறத்தில், வரிசை பிசகாமல் இருக்கும். நோய்க் கண் வெளிறி, குழிந்து கிடக்கும். கூடவே மனித எச்எஸ்பி70ஐயும் சேர்த்தபோது கண் பெரும்பாலும் பிழைத்தது. வேடிக்கை என்னவென்றால், உள்ளே புரதக் கட்டிகள் அப்படியே இருந்தன! 2002இல் பார்க்கின்சன் புரதமான ஆல்ஃபா சினூக்ளினை வைத்துச் செய்தபோதும் இதே கதை. கண்ணுக்குத் தெரியும் கட்டியைவிட, அதற்கு முந்தைய சின்னச் சின்னத் திரள்கள்தான் அதிகம் நஞ்சோ என்ற சந்தேகம் இதனால் வலுத்தது.

சரி, மருந்து? சாப்பரோன்களைத் தூண்டும் அரிமோக்ளோமால், ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) நோயாளிகளிடம் பலிக்கவில்லை. 2024இல் அமெரிக்காவில் நீமன்-பிக் சி என்ற அரிய நோய்க்கு அனுமதி பெற்றது. இன்னொரு சிக்கல், எல்லாச் சாப்பரோனும் நல்ல பிள்ளை இல்லை. எச்எஸ்பி90, அல்சைமரில் திரளும் டாவ் என்ற புரதம் கெட்டுப்போனால் அதையும் அழியவிடாமல் காப்பாற்றுகிறது, புற்றணுக்களுக்கும் துணைபோகிறது. ஒட்டுமொத்தமாகக் கூட்டினால் அதுவும் கூடும்.

வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் இருந்து கேட்கிறீர்கள் என்றால், இதை நம்பி பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபா மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.