கர்ப்போட்டம், மறுகால், பனங்கொட்டை: முன்னோர் கண்ட வருங்காலம் (கேள்வி பதில்)

சேரன்மகாதேவி: அண்ணாச்சி, கர்ப்போட்டத்தைப் பார்த்து அடுத்த வருச மழையைச் சொல்ல முடியுமா?

கர்ப்போட்டம் என்பது சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் சுமார் 14 நாள். டிசம்பர் 28 வாக்கில் தொடங்கும். அப்போது மேகம் கருக்கொள்கிறது, 195 நாள் கழித்துப் பெய்யும் என்பது பழைய சோதிட நூலாசிரியர் வராகமிகிரர் சொன்ன கணக்கு. கூட்டிப் பாருங்கள், ஜூலை 11 வரும். அந்நேரம் பாபநாசம் மலையில் மழை உண்டு. திசையன்விளைப் பக்கம் காற்றும் புழுதியும்தான். நம் சமவெளிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். இந்தக் கணக்கை நம்பிப் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவாதீர்கள்.

சோதிக்க ஆசையிருந்தால் மேகம், காற்றின் திசை, தூறல் மூன்றையும் அந்த 14 நாளும் நோட்டில் எழுதுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவை மரம், சுவர் அண்டாத இடத்தில் வைத்து, தினமும் காலை 8.30க்கு ஸ்கேலால் மழையை அளங்கள். ஒரு வருசம் பலித்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது.

தென்காசி: பையனுக்கு எப்போ வேலை கிடைக்கும்?

ஜாதகம் என் துறை இல்லை.

ஏரல்: 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பஞ்சாங்கம் முன்னமே சொல்லிட்டுதே?

பஞ்சாங்கம் மழையை மரக்கால் என்ற பழைய அளவில் சொல்லி, கடலுக்கு, மலைக்கு, நிலத்துக்கு என்று பங்கு பிரிக்கும். எந்த ஊர், எந்த நாள், எத்தனை சென்டிமீட்டர் என்பது அதில் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வட்டாரத்தின் ஓராண்டு மழையைவிட அதிகம். ‘பெருமழை உண்டு’ என்ற வரி அதற்கு முன்னறிவிப்பு ஆகாது.

ஏரல் (மீண்டும்): அப்போ நம்ம முன்னோருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுதீங்களா?

இல்லை தம்பி. பஞ்சாங்கம் வாசித்த அதே ஊர்தான் குளத்துக்கு மறுகாலும் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) கட்டியது. பழைய மறுகால்களின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பாருங்கள். மழைக்காலத்தில் கற்களுக்கு நடுவே வெள்ளம் தாராளமாகப் போகும். மழை ஓயும் தறுவாயில் இடைவெளியை மண்ணும் புல்கட்டியும் வைத்து அடைத்து, கூடுதல் தண்ணீரைப் பிடிப்பார்கள். சீக்கிரம் அடைத்தால் கரை உடையும். பிந்தினால் பிடிக்கத் தண்ணீர் இருக்காது. என்றைக்கு அடைப்பது என்று எந்த நூலும் சொல்லாது. அதனால்தான் அடைப்பை மண்ணால் போட்டார்கள்: கணிப்பு தப்பினால் மண்வெட்டியால் ஒரே இரவில் வெட்டிவிடலாம். 2021இல் ஜனவரியிலும் தாமிரபரணி பெருகியதை நினைத்துக்கொள்ளுங்கள். வருவது தெரியாது என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். நான் மதிப்பது அதைத்தான்.

களக்காடு: மறுகாலைச் சிமெண்டுல ஓரடி உயர்த்தினா தண்ணி கூட நிக்கும்லா?

வேண்டாம். கரையின் உச்சிக்கும் மறுகாலுக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் குளத்தின் உயிர். அதில் ஓரடி போனால் அலை கரைமேல் ஏறும், மண்ணை அரிக்கும், உடைப்பு எடுக்கும். தண்ணீர் கூட வேண்டுமென்றால் தூர் வாருங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டாதீர்கள்.

வள்ளியூர்: இந்த வருசக் கர்ப்போட்டம் எப்படி?

முதல் பதிலைப் படியுங்கள்.

நாங்குநேரி: கர்ப்போட்ட நாள்ல மழை பெஞ்சா கரு கலைஞ்சுருமா?

அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. கர்ப்போட்டம் பற்றி இனிக் கேட்டால் மேலே உள்ளதுதான் பதில். மறுகாலை மறித்து வீடு கட்டியிருக்கிறார்களா என்று உங்கள் ஊர்க் குளத்தைப் போய்ப் பாருங்கள், அது அவசரம்.

உடன்குடி: பேரப்பிள்ளைகளுக்குன்னு பனை வைக்க நினைக்கேன். எப்படி வைக்கணும்?

நல்ல காரியம் ஐயா. ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழுந்த பழத்தின் கொட்டையை எடுத்து, 10 அடிக்கு ஒன்றாக நேரே நிலத்தில் ஊன்றுங்கள். பையில் வளர்க்காதீர்கள், முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும், பிடுங்கி நடும்போது அறுந்துவிடும். கிழங்குக்குத் தோண்டுகிறவர்கள் கை வைக்காமல் அடையாளக் குச்சி நடுங்கள். பாளை விட 12 வருசத்துக்கு மேல் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அதுவரை தெரியாது. பதநீர் இரண்டிலும் இறக்கலாம், நுங்கு பெண்பனையில்தான். அதனால் குறைந்தது பத்து, பதினைந்தாவது வையுங்கள்.