மவுசாகலையில் வள்ளம் தட்டியது எதில்?

வணக்கம். இலங்கை மலையகத்தின் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் உங்கள் வள்ளத்தின் அடிப்பலகை நீருக்குள் ஏதோவொன்றில் தட்டியதாகவும், அது மூழ்கிய படகாக இருக்குமோ என அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். 1969இல் இந்த நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இன்றும் வெளியே தெரிகின்றன. ஆகவே நீங்கள் தட்டியது பழைய சுவராகவும் இருக்கலாம். அடிப்பலகையின் கீறலைத் தடவிப் பாருங்கள்: துருக்கறை இருந்தால் இரும்பு, வெள்ளைப் பொடி ஒட்டினால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சுவர்.

எதுவானாலும் இடத்தைக் குறிப்பதே முதல் வேலை. தட்டிய இடத்திலிருந்து பார்க்கும்போது கரையில் முன்னும் பின்னுமாக ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களையும், வேறொரு திசையில் அதேபோல் இன்னும் இரண்டையும் தேர்ந்தால், அந்தக் கோடுகள் வெட்டும் புள்ளியே ஆபத்தான இடம். கல் கட்டிய கயிற்றால் ஆழம் பார்க்கும்போது திகதியையும் அன்றைய நீர்மட்டத்தையும் கட்டாயம் எழுதிவையுங்கள்; இன்று 2 மீற்றர் ஆழத்தில் கிடப்பது, மின்னுற்பத்திக்கு நீர் திறந்துவிடப்பட்டபின் அரை மீற்றரில் நின்று அடுத்த வள்ளத்தைக் கிழிக்கும். குறிப்புகளுடன் மின்சார சபை அலுவலகத்துக்கும் பொலிஸுக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அவர்கள் மிதவை இடுவதானால், கறுப்பில் சிவப்புப் பட்டையும் உச்சியில் இரண்டு கறுப்பு உருண்டைகளும் கொண்ட தனித்த ஆபத்துக் குறியே (சுற்றிலும் செல்லத்தக்க நீருள்ள ஓரிடத்து ஆபத்தைக் காட்டும் மிதவை) பொருத்தமானது. அதுவரை அவ்விடத்தில் இரவில் வள்ளம் விடாதீர்கள்.